அண்ணன் என்று கூப்பிடச் சொன்னேன்

இப்போது எங்கள் தெருவில் சிங்கப்பூர் போகாத குடும்பம் இல்லை. கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். வாயிலிருந்து தண்ணீர் கக்கும் சிங்கச் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாலு நாளில் திரும்பி வந்து, வேலையற்ற கிழவன் என்று என்னைப் பிடித்து உட்காரவைத்து, கைப்பேசியில் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுகிறார்கள். "ரோட்டுல ஒரு குப்பை கெடையாது தாத்தா" என்கிறார்கள். சொல்லிவிட்டு, தின்ற மிட்டாயின் தாளை என் வாசலில் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இவர்களை இளக்காரமாகப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கு எண்பத்தெட்டு வயது. இவர்கள் பிறப்பதற்கு முன்னாலேயே நானும் அந்த ஊருக்குப் பிள்ளைகளோடு போனவன்தான். இவர்களாவது ஊர் பார்க்கப் போகிறார்கள். நான் ஒரு கையெழுத்துக்காகப் போனேன். பிள்ளைகளைத் தூண்டிலில் கோத்துக்கொண்டு போனேன்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு நிலம் இருந்தது. அதில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், ஒரு குடும்பத்தின் குத்தகையில் இருந்தது. குத்தகை என்று எழுத்தில் எதுவும் கிடையாது. அறுவடைக்கு அறுவடை எங்கள் களத்தில் நெல்லை அளந்து கொட்டிவிட்டுப் போவார்கள். நாங்கள் ரசீது கொடுத்ததில்லை. அவர்களும் கேட்டதில்லை. அந்தக் குடும்பத் தலைவர் இறந்த பிறகு அவர் மனைவி ஏரை விடவில்லை. ஆள் வைத்து உழுது, தானே இறங்கி நட்டு, தானே அறுத்தாள். ஐம்பது வயதுக்காரி. வாய் பேசமாட்டாள், வரப்பை மட்டும் அங்குலம் விடாமல் பார்த்துக்கொள்வாள். அவளுடைய ஒரே மகன் இருபது வயதில் சித்தப்பனோடு கப்பலேறி, சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சின்ன வயதில் எங்கள் மாடுகளை மேய்த்துக்கொண்டே பள்ளிக்கூடமும் போனவன் அவன்.

ஆட்சி மாறியிருந்த காலம் அது. கும்பகோணத்தில் பி.ஏ. படித்தவன் என்பதால் கட்சி என்னை மேடையில் ஏற்றியது. பிறப்பால் உயர்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லை என்று ஒலிபெருக்கி அதிரப் பேசுவேன். எதிரே எங்கள் வயலாட்கள் தரையில் உட்கார்ந்து கை தட்டுவார்கள். எங்களுக்கு நாற்காலி. இந்த ஏற்பாட்டில் பேச்சுக்கு ஒவ்வாதது ஏதோ இருக்கிறது என்று எங்களில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டோம்.

அப்போது குத்தகைதாரர்களின் பேரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. பக்கத்து ஊர்களில் கூலித் தகராறும் வயலில் கொடி நடுவதும் போலீஸ் வண்டி வருவதுமாக இருந்தன. மேடையில் நான் சட்டத்தைப் பாராட்டினேன். மறுநாள் காலை வக்கீலைப் பார்க்கப் போனேன். ஏனென்றால் அந்த அம்மாள் மனுக் கொடுத்துவிட்டாள். விவசாயச் சங்கத்துப் பையன்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பதிவாகிவிட்டால் அந்த ஆறு மாவிலிருந்து அவளை நான் அசைக்க முடியாது.

வழி சொன்னவர் தாலுகா அலுவலகத்தில் எனக்கு வேண்டிய ஒருவர். மனுவில் வாரிசு என்று மகன் பேரும் இருந்தது. "நாங்க குத்தகைதாரர் இல்ல, கூலிக்குத்தான் வேலை பாத்தோம்னு அவன் ஒரு கடுதாசி குடுத்துட்டா அந்தம்மா மனு நிக்காதுங்க. படிச்ச பையன் கையெழுத்து பாருங்க" என்றார். தபாலில் கேட்டால் அவன் ஊருக்கு எழுதி விசாரிப்பான். தனியாகப் போய் நின்றால், கேட்க வந்தவன் என்று முகத்திலேயே தெரியும். பிள்ளைகளோடு போனால் உல்லாசப் பயணம். என் மனைவிக்குக் கைக்குழந்தை இருந்தது; அவளை விட்டுவிட்டு, பத்து வயது மகனையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு நீடாமங்கலத்தில் ரயிலேறி, நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். அந்த ஆறு மாவில் விளைந்த புது அரிசியில் ஒரு மூட்டையும் எடுத்துக்கொண்டேன்.

கப்பல் பயணம் ஒரு வாரத்துக்கு மேல். அதில் ஒரு சிக்கல் எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் குடும்பம் இருந்த தெரு ஆட்களைப் பேர் சொல்லி, வா போ என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். அறுபது வயதுக்காரராக இருந்தாலும் அப்படித்தான். நாங்கள் கற்றுக் கொடுத்தது அது. இதே வாயோடு அவன் வீட்டில் போய் நின்றால் காரியம் கெட்டுவிடும். ஆகவே தினமும் மேல்தளத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன்.

"அங்க போனதும் அவரை அண்ணன்னு கூப்புடணும். வாங்க, போங்கன்னுதான் பேசணும். அவங்க வீட்டுக்காரிய அண்ணின்னு கூப்புடணும்."

சித்தப்பா என்று கூப்பிடச் சொல்லியிருக்கலாம். வயதுக்கு அதுதான் பொருந்தும். ஆனால் சித்தப்பா என்றால் அவன் எனக்குத் தம்பியாகிவிடுவான். அவ்வளவு தூரம் இறங்க என்னால் முடியவில்லை.

மகன் மூக்கைச் சுளித்தான். "அவன் நம்ம மாட்டுக்காரன்னு சொன்னீங்களே?"

"அவன் இல்ல, அவரு."

மகள் வேறு திசையில் யோசித்துக்கொண்டிருந்தாள். "அவங்க எனக்கு அண்ணன்னா, ஒங்களுக்கு மகனாப்பா?"

"வாயை மூடிக்கிட்டு கடலைப் பாரு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகூர்க்காரர் ஒருவர், பினாங்கில் துணிக்கடை வைத்திருப்பவர், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது. கப்பலில் இருந்த எல்லார் மேலும் ஆத்திரமாக இருந்தது. தகரப் பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாக, போகிற இடத்தில் என்ன ஆகப்போகிறோம் என்று தெரியாமல் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பு. நான் அவர்களில் ஒருவன் இல்லை என்பதைக் காட்ட வெயிலிலும் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தீவு எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கக் கூடாது என்ற தீர்மானத்தோடு இறங்கினேன். எதைப் பார்த்தாலும் ஒரு குறை கண்டுபிடித்தேன். பகல் முழுக்கப் புழுக்கம், மூன்று மணியானால் மழை, மழை விட்டதும் மறுபடி புழுக்கம். ஒரு பிடி மண் விளைவதில்லை, குடிக்கிற தண்ணீர் பாதி அடுத்த நாட்டிலிருந்து குழாயில் வருகிறது. இதெல்லாம் ஒரு நாடா என்று நினைத்தேன். தெருவில் துப்பினால் அபராதம் என்றார்கள். வெற்றிலை புகையிலை போடாமல் எனக்குப் பொழுது போகாது. வாய் நிறையச் சாறோடு துப்ப இடம் தேடி நான் நடந்த நடையைப் பார்த்து என் மகன் வெட்கப்பட்டு நாலடி தள்ளி நடந்தான். கடைசியில் கைக்குட்டையில் துப்பி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வேட்டிப் பண்ணையார், பட்டதாரி, மேடைப் பேச்சாளர், பையில் எச்சில்.

பிள்ளைகளோடு ஊர் பார்க்க வருவதாக எழுதியிருந்ததால் அவன் கப்பலடிக்கு வந்திருந்தான். முழுக்கால் சட்டை, கைக்கடிகாரம். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் தோள் துண்டை எடுக்கக் கை போயிற்று. தோளில் துண்டே இல்லை. அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் கும்பிட்டான். எனக்கு நிம்மதியாக இருந்தது. சட்டைக்குள் பழைய ஆள்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

"வாங்கய்யா. கப்பல்ல சௌகரியமா வந்தீங்களா?"

மகள் என் கையை விட்டுவிட்டு முன்னால் போய், பாடத்தை ஒப்பித்தாள். "அண்ணே, நல்லாருக்கீங்களா?"

அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். எங்கள் தெருவிலிருந்து ஒரு குழந்தை தன்னை அப்படிக் கூப்பிடும் என்று அவன் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டான். சட்டென்று குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டான். பாதி வேலை முடிந்தது என்று எனக்குத் தோன்றியது.

தங்க இடம் வேறு பார்த்திருந்தும், தன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்றான். அரசாங்கம் கட்டிக் கொடுத்த அடுக்குமாடி; ஒன்பதாவது மாடி. லிஃப்ட் எட்டில்தான் நிற்கும், அங்கிருந்து ஒரு மாடி படியேற வேண்டும். இரண்டு அறை, ஒரு சமையலறை. குழாயைத் திறந்து காட்டினான், விளக்கைப் போட்டுக் காட்டினான், கக்கூஸின் சங்கிலியை இழுத்துக்கூடக் காட்டினான். புறாக்கூண்டு என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். தரை அவ்வளவு சுத்தமாக இருந்ததும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அரிசி மூட்டையைப் பிரித்தபோது அவன் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தான்.

"இது வாய்க்காலோரத்து வயல் அரிசிங்களா?"

"ஒங்க அம்மா வெளைய வச்சதுதான் தம்பி."

தம்பி என்று நான் சொன்னதும் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கணக்கு உதைத்திருக்க வேண்டும். அவன் மனைவி, அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், அன்றைக்கு அந்த அரிசியைத்தான் வடித்தாள். அவர்கள் கையால் சாப்பிடும் முதல் சாப்பாடு எனக்கு. விழுங்கினேன். கையெழுத்துக்காக எதையும் விழுங்கியிருப்பேன். பிள்ளைகள் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மகன்கூட மூன்றாம் நாளுக்குள் அண்ணன் அண்ணன் என்று அவன் பின்னாலேயே திரிந்தான். பூங்காவுக்குக் கூட்டிப்போய்க் குரங்குகளுக்கு வேர்க்கடலை போட வைத்தான். ஐஸைச் சீவி சிவப்புச் சாறு ஊற்றிய ஏதோ ஒன்றை வாங்கிக் கொடுத்தான். துறைமுகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, தான் ஏற்றி இறக்கும் கப்பல்களையெல்லாம் மேட்டில் நின்று காட்டினான். மகளுக்குப் பூப்போட்ட ஒரு சின்னக் குடை வாங்கினான். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன். என் சட்டைப்பையில் வக்கீல் எழுதிய கடிதம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மழை பெய்துகொண்டிருந்த பிற்பகலில், எடுத்து நீட்டினேன். அவன் இரண்டு தடவை படித்தான்.

"இது என்னங்கய்யா, கூலிக்குத்தான் பாத்தோம்னு போட்டுருக்கு?"

"அது ஒண்ணுமில்ல தம்பி. நில உச்சவரம்பு அது இதுன்னு சர்க்கார்ல கொடையறானுங்க. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா எனக்கு ஒரு தலைவலி விட்டுது. மத்தபடி அம்மா இருக்கற வரைக்கும் வயல் அவங்ககிட்டதான் இருக்கும். யார் கேக்கப்போறா?"

சமையலறை வாசலில் நின்ற அவன் மனைவி சொன்னாள்: "அப்படின்னா அதையும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்களேன். ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?"

அந்த அறையில் புத்தியுள்ள ஆள் அவள் ஒருத்திதான். பக்கத்தில் குடையை விரித்து மூடிக்கொண்டிருந்த மகளை இழுத்து என் முன்னால் நிறுத்தி, அவள் தலைக்கு நேரே கையைக் கொண்டுபோனேன்.

"எழுத்து என்னம்மா எழுத்து. இந்தப் புள்ள தலை மேல..."

அவன் பாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அதுவரை அவன் என்னைத் தொட்டதே இல்லை.

"ஐயையோ, வேணாங்கய்யா. கொழந்த தலையில போயி... அண்ணன்னு கூப்புடுது. எனக்கு அது போதும்." மனைவியைத் திரும்பிப் பார்த்து, "நீ உள்ள போ" என்றான். என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

மடையன் என்று நினைத்தேன். அந்தச் சொல் அப்படியே எனக்கு ஞாபகம் இருக்கிறது. சிங்கப்பூர் தண்ணீர் குடித்தும் புத்தி வரவில்லையே என்று அவனை ஏளனமாக நினைத்துக்கொண்டு, கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். எச்சில் கைக்குட்டை இருந்த பை அல்ல. அதில் கவனமாக இருந்தேன்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை அந்த அம்மாள் எங்கள் கொல்லைப் பக்கம் வந்து நின்றாள். மகனைப் பார்த்துவிட்டு வந்த கண்களைப் பார்க்க வந்திருந்தாள்.

"எம் புள்ளய பாத்தியா தாயி? எளச்சிருக்கானா?"

மகள் உள்ளேயிருந்து குடையோடு ஓடிவந்தாள். "பெரியம்மா! அண்ணன் குண்டாவே இருக்காங்க பெரியம்மா. லிஃப்ட்ல போனோம். உள்ள வாங்க, சொல்றேன்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

அண்ணனுடைய அம்மா பெரியம்மா. அவள் போட்ட கணக்கில் தவறில்லை. நான்தான் கற்றுக் கொடுத்தேன், எங்கே முடிகிறது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. என் மனைவியும் ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் மகளின் கன்னத்தில் அறைந்தேன். குடை கிணற்றடியில் போய் விழுந்தது.

அந்த அம்மாள் கையை உதறி விடுவித்துக்கொண்டு நாலடி பின்னால் போனாள். "அடிக்காதீங்கய்யா. கொழந்த தெரியாம சொல்லிப்புடுச்சு" என்றாள். நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அவள் கேட்டாள். மகனைப் பற்றி வேறெதுவும் கேட்காமல் போய்விட்டாள்.

மகள் அழவில்லை. "அங்க கூப்புடச் சொன்னீங்களே?" என்று மட்டும் கேட்டாள்.

"அது அங்க."

மனு தள்ளுபடியானது. அடுத்த குறுவைச் சாகுபடிக்கு அவள் ஏர் பிடிக்க ஆளோடு வயலுக்கு வந்தபோது, என் ஏர்கள் நான்கு அங்கே ஓடிக்கொண்டிருந்தன. நானும் வரப்பில் நின்றேன், இரண்டு போலீஸ்காரர்களோடு. அவள் சத்தம் போடவில்லை.

"கையெழுத்துப் போட்டுட்டானாமே?"

"ஆமா."

"ஒங்க புள்ளைங்களப் பாத்த சந்தோசத்துல போட்டுருப்பான்" என்று சொல்லிவிட்டு, வந்த ஆளைத் திருப்பி அனுப்பினாள். அதன் பிறகு ஊரில் எல்லார் வயலுக்கும் கூலிக்கு நட்டாள், என் வயலுக்கு மட்டும் வரவில்லை. சில வருஷங்களில் இறந்துபோனாள். மகன் வந்து பத்தாம் நாள் காரியத்தை முடித்துப் போனான். அந்தப் பத்து நாளும் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன். மகள் அப்போது தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஏர் ஓட்டிய அந்த மாதமே சிங்கப்பூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எனக்கு இல்லை, உறையில் என் மகள் பேர் இருந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு வந்த கடிதத்தை அப்பன் பிரிப்பது வழக்கம்தான் என்று சொல்லிக்கொண்டு பிரித்தேன்.

"அன்புத் தங்கைக்கு. நலமாகப் படிக்கிறாயா? அம்மா ஏரை விட்டுவிட்டதாக எழுதச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு மழை பெய்தபோது அப்பா சொன்னதை நானும் கேட்டேன், நீயும் பக்கத்தில் இருந்தாய். நான்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று இருக்கிறது. பெரியவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது. குடை நன்றாக இருக்கிறதா? அண்ணி கேட்டாள்."

கிழித்துப் போட்டிருப்பேன். ஏன் கிழிக்கவில்லை என்று எனக்கே தெரியாது. நிலப் பத்திரங்களோடு பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அண்ணன் லெட்டர் போடுறேன்னாங்களே என்று மகள் கொஞ்ச நாள் கேட்டாள். வரவில்லை என்றேன். தபால்காரன் தெருவுக்குள் நுழைந்தால் ஓடிப்போய் நிற்பாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

அந்த ஆறு மாவை என் மகன் மனைக்கட்டாக விற்றுவிட்டான். இப்போது அதில் ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லாத பிறகுதான் எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மண் கையில் இருந்தவரை நன்றாகத்தான் தூங்கினேன்.

போன பொங்கலுக்கு மகள் திருச்சியிலிருந்து வந்திருந்தாள். கல்லூரியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சாப்பிட்டு முடித்த பிறகு கடிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். உறையின் தேதி முத்திரையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"என்கிட்ட எதுக்கு?"

கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஞாபகம் இருக்குப்பா. என் தலைகிட்ட ஒங்க கை வந்துது. அண்ணன் புடிச்சுக்கிட்டாங்க. மழையில சன்னல் கதவு அடிச்சுக்கிட்டு இருந்துது. அம்மா இருக்கற வரைக்கும் வயல் அவங்ககிட்டதான்னு நீங்க சொன்னீங்க. அண்ணன் சரியாத்தான் கேட்டுருக்காங்க" என்றாள்.

அவன் இப்போது இருக்கிறானோ இல்லையோ, அந்த வீட்டில் யார் இருக்கிறார்களோ என்றேன்.

"எனக்கு வந்த லெட்டர். நான்தான் பதில் போடணும்."

உறையில் முகவரி அழிந்துபோயிருந்தது. எனக்கு மனப்பாடம். கட்டட எண்ணைச் சொன்னேன், சாலையைச் சொன்னேன். அவள் கைப்பையிலிருந்து காகிதம் எடுத்து எழுதிக்கொண்டே வந்தாள்.

"ஒன்பதாவது மாடி" என்றேன்.

"தெரியும். லிஃப்ட் எட்டுலதான் நிக்கும்" என்றாள். எழுதிய தாளையும் அந்தப் பழைய கடிதத்தையும் சேர்த்து மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். என்ன எழுதப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை.